நாணயத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த விலை

அனுப்புநர்:
பட்டுக்கூடு உற்பத்தியாளர் ஒருவர்,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
நினைவு நாணய விற்பனை நிறுவனம், சென்னை.

நாள்: 12.08.2024

பொருள்: 2012-இல் விற்ற மூன்று நாணயங்களைத் திரும்ப வாங்க மறுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். 2012 ஆடி மாதம், தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் கூடு விற்றுவிட்டுப் பணத்தோடு வந்த என்னை, உங்கள் முகவர் பஸ் நிலையம் அருகே நடந்த விற்பனைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே மூன்று நாணயங்கள் வாங்கினேன்: ரிசர்வ் வங்கியின் 75-ஆம் ஆண்டுக்கான 75 ரூபாய், அன்னை தெரசா நூற்றாண்டுக்கான 100 ரூபாய், தாகூரின் 150-ஆம் பிறந்த ஆண்டுக்கான 150 ரூபாய். ஒன்று 8,000 வீதம் 24,000 ரூபாய் கட்டினேன். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று ஒதுக்கிய பணம் அது.

அன்று கொடுத்த துண்டறிக்கையை இன்றுவரை வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்துவிட்டது, ஆனாலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஒரு நாணயம் 2017-இல் 35,000, 2022-இல் ஒரு லட்சம் என்று அட்டவணை போட்டிருக்கிறீர்கள். அதன் கீழே, 'எப்போது கொண்டுவந்தாலும் சந்தை விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்வோம்' என்ற வரியும், உங்கள் முத்திரையும் இருக்கின்றன.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். திரும்ப வாங்கும் திட்டத்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். 1,200 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் வேறு ஆள் பிடித்துத் தருவதாகவும் சொன்னார்கள். நான் கட்டவில்லை. பழைய நாணயம் வாங்க, விற்க என்று கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே மக்களை எச்சரித்திருக்கிறது.

ஊர் திரும்பி, தருமபுரியில் எங்களுக்குப் பழக்கமான வெள்ளிக்கடையில் கொடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் கண்ணாடி உறையைத் திறந்து தராசில் வைத்தார், ஒவ்வொன்றும் 35 கிராம். ஓரத்தில் லேசாக உரசிவிட்டு, "இதில் பாதிதாங்க வெள்ளி" என்றார். அரசு வகுத்த கலவையே அதுதான்: வெள்ளி 50 விழுக்காடு, செம்பு 40, மீதி நிக்கலும் துத்தநாகமும். மூன்றிலும் சேர்த்து ஐம்பத்திரண்டரை கிராம் வெள்ளி. 4,200 ரூபாய் தருவதாகச் சொன்னார். உங்கள் துண்டறிக்கையிலோ 'தூய வெள்ளி' என்று இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தும் போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட எனக்குத் திரும்பவில்லை. அந்த ஆண்டுகளில் வெள்ளி விலை ஏறியும் இந்த நிலை என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

'இனி கிடைக்காத அரிய நாணயம்' என்றும் எழுதியிருந்தீர்கள். இத்தகைய நாணயங்களை அரசின் நாணயச்சாலை முன்பதிவு வாங்கி, அதற்கேற்ப அடித்து விற்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் அடித்துக் கொடுத்த பொருள் எப்படி அரிதாகும்?

அமெரிக்காவில் நாணயங்கள் லாபத்தில் பங்குகளை மிஞ்சின என்று துண்டறிக்கையில் ஒரு பத்தி வேறு. வணிகவியல் படிக்கும் என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள். சாலமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்ட கணக்கு அது; பழைய அமெரிக்க நாணயங்கள் இருபதை மட்டுமே எடுத்துப் போட்டது. அங்கிருந்த வியாபாரிகள் அதைக் காட்டி எல்லா நாணயத்தையும் விற்றார்கள். 1989-இல் உச்சிக்குப் போன அந்த நாணயச் சந்தை அடுத்த ஆண்டே சரிந்துவிட்டது. நீங்கள் துண்டறிக்கை அச்சிடும்போது அந்தச் சரிவு நடந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?

நான் விலையின் ஏற்ற இறக்கம் தெரியாத ஆள் இல்லை. புழு வளர்த்துக் கூடு கொண்டுபோனால் அன்றைய ஏலத்தில் என்ன நிற்கிறதோ அதுதான் விலை. நேற்றைவிட நூறு ரூபாய் குறைந்தாலும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் கூடு வாங்கிப் பட்டு நூல் எடுக்கும் எந்த நூற்பாளரும் பத்து ஆண்டு கழித்துக் கூடு இன்ன விலைக்குப் போகும் என்று எனக்கு முத்திரை போட்டுக் கொடுத்ததில்லை. நீங்கள் கொடுத்தீர்கள்.

நான் லட்ச ரூபாய் கேட்கவில்லை. நாணயங்களைப் பெற்றுக்கொண்டு, நான் கட்டிய 24,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அந்த அட்டவணையை எந்தக் கணக்கை வைத்துப் போட்டீர்கள் என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டால், ரசீதையும் துண்டறிக்கையையும் எடுத்துக்கொண்டு தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். இரண்டின் நகலையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாலக்கோடு.