பழி சுமந்த அந்த மூன்று வருஷம்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்து கிறிஸ்தவரான புனித தேவசகாயம் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டது, 2022 மே 15-ல் ரோமில் புனிதரானது எல்லாம் சரி. ஆனால் 1749-ல் கைதான பிறகு, ராஜதுரோகி என்ற பழியோடு அவர் ஏறக்குறைய மூன்று வருஷம் பட்ட பாட்டை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்த மூன்று வருஷம்தான் முக்கியம்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் காசாளராக இருந்தவள். கணக்கில் 18,400 ரூபாய் குறைகிறது என்று என்னைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். பதினான்கு மாதம். “நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரிய வேண்டாமா?” என்றார் வீட்டுக்காரர். அது இன்னும் வலித்தது.

வெள்ளிக்கிழமைதோறும் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்குப் போவேன். தாகத்தில் தேவசகாயம் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்த இடம் என்பார்கள். அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தினால் இரண்டு மிடறு தேறும். அற்புதமா என்று நான் ஆராய்ந்ததில்லை. அங்கே உட்கார்ந்தால் யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. விசாரணையில் பிலாத்து முன் பேசாமல் நின்ற இயேசுவுக்கு என் நிலைமை தெரியும் என்று தோன்றும். அன்று ராத்திரி தூக்கம் வரும்.

அப்புறம் தணிக்கையில், ஒரே ரசீதை வரவில் இரண்டு முறை ஏற்றியிருந்தது தெரிந்தது. சம்பள பாக்கி வந்தது, மன்னிப்பு வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் பாறைக்குப் போனேன்.

அடுத்த முறை அந்தப் பாறையின் படத்தையும் போடுங்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்,
தக்கலை