மேல்மாடிப் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இரண்டு தடவை கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா, லேசா தொண்டை கட்டியிருக்கு" என்கிறாய். மூன்று நாளாகக் காய்ச்சல் என்பது கடைசியில், போகிற போக்கில் வருகிறது. தண்டையார்பேட்டையில் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள் நாம். உன் பொய் எனக்குத் தெரியாதா?

பதிலை எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். உன்னைப் போல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தாய்லாந்து போனவர்கள் நம் பக்கத்தில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள். உன் அம்மா இதையெல்லாம் படிப்பவர் இல்லை, பயப்படாதே.

லீவு போட ஏன் தயங்குகிறாய் என்று புரிகிறது. வெள்ளைக்காரருக்கு பாஸ்போர்ட்டே சான்றிதழ். நாம் டிகிரியைக் காட்டினாலும் டோயிக் என்கிற இங்கிலீஷ் பரீட்சை மார்க் எங்கே என்பார்கள். அப்படி நுழைந்த வேலையில் வந்ததுமே படுத்துக்கொண்டால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். நானும் அந்தப் பயத்தோடுதான் இருந்தேன்.

நான் அங்கே டீச்சராகப் போன முதல் மழைக்காலம் அது. காலை எட்டு மணிக்குக் கொடிக்கு முன்னால் நிற்கும்போதே மூட்டெல்லாம் வலி, கண்ணுக்குப் பின்னால் வலி. நாற்பத்தைந்து பிள்ளைகள் எழுந்து "குட்... மார்னிங்... டீச்சர்" என்று ராகம் போட்டால் மண்டைக்குள் ஆணி இறங்கும். முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி தன் யாதோமை நீட்டினாள். மூக்கில் வைத்து உறிஞ்சுகிற சின்னக் குழாய். நம்ம பர்மா பஜார் கோடாலித் தைலத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. சரி, போயிற்று என்று தலைக்குக் குளித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். போர்டில் 'வாஸ்', 'வேர்' எழுதிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அப்புறம் கண் விழித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

"காய் லுவத் ஓக்" என்றார் நர்ஸ். காய் என்றால் காய்ச்சலாம். பாதிச் சொல் நம்முடையது போலவே இருக்கிறதே என்று அந்த மயக்கத்திலும் தோன்றியது. லுவத் ரத்தம், ஓக் வெளியே வருவது. டெங்கு.

டெங்கு, காய்ச்சல் குறையும்போதுதான் காலை வாரும். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், சூடு இறங்குகிற நேரத்தில், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் விழலாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், தலைசுற்றல், இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வலிக்கென்று ஐபுபுரோஃபெனோ ஆஸ்பிரினோ போடாதே, ரத்தக்கசிவு வரலாம். பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. கொசு ஒன்றும் புதிதில்லை. தண்ணி லாரி வராத நாளுக்கென்று குடத்தில் பிடித்து வைக்கிறோமே, அதில் முட்டையிடுகிற அதே பகல் கொசுதான்.

உனக்கும் டெங்குதான் என்று நான் சொல்லவில்லை. வெறும் தொண்டையாகவே இருக்கட்டும். ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்துப் பார்த்துவிடு.

லீவு விஷயம். அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்கு 30 வேலை நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மூன்று நாளோ மேலேயோ எடுத்தால் டாக்டர் சான்றிதழ் கேட்கலாம். தனியார் பள்ளி என்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையும் பார். சமூகப் பாதுகாப்பு நிதியில் உன்னைச் சேர்த்திருந்தாலும் மூன்று மாதச் சந்தா கட்டின பிறகுதான் வைத்தியச் செலவு கிடைக்கும். நீ போய் இரண்டு மாதம்தானே? அதனால் இப்போதைக்குப் பணத்தை நான் அனுப்புகிறேன். திருப்பித் தருகிற பேச்சு வேண்டாம்.

தேறித் திரும்பியதும் முதல் இரண்டு நாள் தொண்டையைத் திறக்காதே. ரகசியக் குரலும் வேண்டாம், அதுவும் தொண்டைக்குப் பாரம்தான். வகுப்புக்குள் போய் "இன்று டீச்சர் பேச மாட்டேன்" என்று போர்டில் எழுது. மற்றதெல்லாம் சைகை. நான் அப்படி நடத்திய அன்று, வருஷம் முழுக்க வாயே திறக்காத கடைசி பெஞ்சுப் பையன் என் சைகைக்கெல்லாம் இங்கிலீஷில் சத்தமாக அர்த்தம் சொன்னான். பாதி தப்பு.

சாப்பாட்டுக்குத் தெருமுனையில் ஜோக் வாங்கிக்கொள், நம்ம நோய்க்கஞ்சிதான். "மை சை மூ" என்று சொல்லிவிடு, பன்றிக்கறி போட மாட்டார்கள்.

காலையில் உன் அம்மா காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்தார். "பாப்பா சாப்பிட்டாளாம்மா?" என்றார். சாப்பிட்டாள் என்று சொல்லிவிட்டேன். எட்டு மணிக்கே லேப் திறந்துவிடும். ரிப்போர்ட் வந்ததும் படம் எடுத்து அனுப்பு.

உன் கீழ்வீட்டு அக்கா