அக்காவுக்கு, கவினைப் பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, கையுறை இல்லாமல் வெளியே போனால் விரல் மரத்துப்போகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

கவினுக்கு ஆட்டிசம் என்றதும் பெரியம்மா தடுப்பூசியைக் குறை சொன்னாராமே! தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். ஊசியைப் பற்றி 1998இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த கட்டுரை கிளப்பிவிட்ட புரளி அது. 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சின்னவளுக்கு ஊசியை நிறுத்திவிடாதே. நீ வேலைக்குப் போனதாலும் இது வரவில்லை. யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே.

எங்கள் மாடி வீட்டுக்காரரும் ஆட்டிசம் உள்ளவர்தான். முகம் பார்த்துப் பேச மாட்டார். 'மணி அடிக்காதீர்கள், மெசேஜ் அனுப்புங்கள்' என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார். தபால்காரர்கூட அப்படியே செய்கிறார். நூலகத்தில் வேலை. நேர்முகத் தேர்வின் கேள்விகளை முன்கூட்டியே கொடுத்துத்தான் அவரை எடுத்தார்களாம். வேலையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கிறார்கள், மேஜையைக் கதவோரத்திலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இதற்கெல்லாம் பெரிய செலவு ஒன்றுமில்லை.

கவினுக்காக நீ கேட்ட பட அட்டவணைக்கு வருகிறேன், அதாவது அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று படங்களை வரிசையாக ஒட்டிக் காட்டுவது. எடுத்த எடுப்பில் ஒரு நாள் முழுவதையும் ஒட்டாதே. இரண்டே படம் போதும்: முதலில் குளியல், அப்புறம் ஊஞ்சல். கடையில் விற்கும் கார்ட்டூன் படம் வேண்டாம். நம் குளியலறையையே போட்டோ எடு. உள்ளங்கை அளவில் லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டி, அவன் கண் மட்டத்தில் மாட்டு. முடிந்த படத்தை அவனே கழற்றி ஒரு டப்பாவில் போடட்டும். கெட்டுப்போவது எங்கே என்றால், அடம் பிடிக்கும் நாளில் மட்டும் அட்டையை எடுப்போம். அப்புறம் அட்டையைப் பார்த்தாலே அவனுக்குப் பயம். நேரமாகிவிட்டதென்று ஊஞ்சலை ஒருநாள் நிறுத்தினாலும் அட்டைமேல் நம்பிக்கை போய்விடும். திட்டம் மாறும்போது காட்ட 'மாற்றம்' என்று ஓர் அட்டை வைத்துக்கொள், ஆனால் அவனுக்குப் பிடித்த மாற்றங்களில் அதை முதலில் பழக்கு.

ஒரு வாக்கியம் சொன்னால் மனதுக்குள் பத்து எண்ணு. நடுவில் வேறு வார்த்தையில் திருப்பிச் சொன்னால் அவன் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். அத்தானிடம் இதை அழுத்திச் சொல், அவருக்குப் பொறுமை கிடையாது. கையை உதறினால் விட்டுவிடுங்கள், அது அவன் தன்னை நிதானப்படுத்திக்கொள்ளும் வழி. படம் காட்டிக் கேட்கப் பழகினால் பேச்சு வராது என்று பக்கத்து வீட்டில் சொல்வது தவறு. அது பேச்சைத் தடுப்பதில்லை.

சத்தமும் கூட்டமும் தாங்காமல் அலறுகிறான் என்றால் அது அடம் இல்லை. விளக்கைக் குறை, பேச்சை நிறுத்து, ஆட்களை விலக்கு. அடிபடும் ஆபத்து இருந்தாலொழிய பிடித்து அமுக்காதே. புத்திமதியெல்லாம் அடங்கிய பிறகு, வேறொரு நாளில்.

தம்பி கல்யாணம்தான் பெரிய பரீட்சை. மண்டபத்தின் போட்டோக்களை ஒரு வாரம் முன்பே காட்டு, கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபம் காலியாக இருக்கும்போது அழைத்துப் போ. புதுச் சட்டையை இரண்டு முறை துவைத்து, கழுத்து லேபிளை வெட்டிவிடு. ஸ்பீக்கருக்கு எட்டத்தில் ஓர் அறை, சாவி உன்னிடம், காதுக்கு இரைச்சல் குறைக்கும் ஹெட்போன். கன்னத்தைக் கிள்ளக் கூடாது என்று சித்திகளிடம் இப்போதே சொல்லி வை. ஆள் மாற்றி ஆள் அவனோடு இருங்கள். நான் அங்கே இருந்தால் கல்யாணம் முழுக்க அந்த அறையிலேயே அவனோடு உட்கார்ந்திருப்பேன், அக்கா. எல்லோரையும் ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருக்கிறது. லீவு கிடைக்கவில்லை என்று தம்பியிடம் சொல்லிவிடு, டிக்கெட் விலையைப் பற்றி எதுவும் பேசாதே.

அப்பாவின் கண் ஆபரேஷனைக் கல்யாணத்துக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள். பணம் அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். சித்தப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கொண்டுவந்தால் நகல் வாங்கி எனக்கு அனுப்பு, அதுவரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
உன் தங்கை