சொல்லிவிட்டு அளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடம்பில் எதையும் மாட்டாமலே ஊழியரின் மன அழுத்தத்தைக் கேமரா கண்டுபிடித்துவிடும் என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் ஆய்வகத்தில் செய்முறை வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவள் நான். கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவியின் இரண்டு விரல்களில் மின்முனைகளைச் சுற்றி, தோலில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பதிவு செய்வோம். ஆயிரத்திலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் திரையில் கோடு ஏறும். பின்னால் நின்று கைதட்டினாலும் ஏறும். தோழி ஏதோ சொல்லி, அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாலும் ஏறும். அவ்வளவு ஏன், மூச்சை ஆழமாக இழுத்தாலே போதும், ஒன்றிரண்டு நொடி கழித்து அதே மாதிரி எழும்பி இறங்கும். உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகளை முடுக்கிவிட்டன என்பது வரைதான் அந்தக் கோட்டுக்குத் தெரியும். பயமா, கோபமா, ஆர்வமா என்று அந்தப் பெண்ணிடம்தான் கேட்போம்.

கேமராவும் இதே கதைதான். ஒவ்வொரு துடிப்புக்கும் முகத்தில் ரத்தம் கூடிக் குறைவதால், தோலின் நிறம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மாறுகிறது. அறை வெளிச்சத்தில் சாதாரணக் கேமராவே இதைப் பிடித்துவிடும் என்று 2008-லேயே காட்டிவிட்டார்கள். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரம் ஒரே சீராக இருக்காது. மன அழுத்தத்தில் அந்த ஏற்ற இறக்கம் குறையும். சரி, ஆனால் தூக்கம் கெட்டாலும் காய்ச்சல் அடித்தாலும்கூடக் குறையும். வயது ஏற ஏறவும் குறையும். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இரவெல்லாம் விழித்திருந்தவரை, வேலையைத் தாங்க முடியாதவர் என்று மேலாளர் முடிவு கட்டினால் யார் பொறுப்பு?

கம்பியில்லாமல் அளப்பதை நான் குறை சொல்லவில்லை. மின்முனையை மாட்டியதுமே சிலருக்குப் படபடப்பு வந்துவிடும், அளவே கெட்டுப்போகும். வலியை வாய்விட்டுச் சொல்ல முடியாத குழந்தைக்கு இது பெரிய உதவியாக இருக்கும். ஆனால் கம்பி மாட்ட வேண்டுமென்றால், "கையைக் கொடும்மா, மாட்டலாமா?" என்று கேட்டே ஆக வேண்டும். கேமராவுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் கவலை முழுக்க அதுதான்.

பணியிடத்திலும் கல்விக்கூடத்திலும் முகம், குரல், நாடித்துடிப்பு போன்றவற்றை வைத்து உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த முறை இப்படியொரு கருவியைப் பற்றி எழுதும்போது, எத்தனை துல்லியம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அளக்கப்படுபவருக்கு விஷயம் தெரியுமா, பதிவு முதலில் அவர் கைக்கு வருகிறதா, வேண்டாம் என்று சொன்னால் வேலைக்குப் பங்கம் வருமா என்று தயாரிப்பாளர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் ஆசிரியை