விருதுநகரில் பார்த்ததும் வண்ணாரப்பேட்டைக்கு வேண்டுவதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குற்றாலம் சென்று திரும்பும் வழியில், விருதுநகரில் உள்ள காமராஜர் நினைவு இல்லத்தைக் குடும்பத்துடன் பார்த்தோம். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் மாநிலத்தை ஆண்டவரின் வீடு ஆடம்பரம் எதுவுமின்றித் தெருவோடு தெருவாக இருப்பதே அங்கு முதலில் மனத்தில் பதிகிறது. மகன் முதலமைச்சரான பின்னும் தாயார் சிவகாமி அம்மையார் அங்கேதான் வாழ்ந்தார். பளிங்கு மண்டபங்கள் எத்தனை எழுப்பினாலும், ஒரு தலைவரை அவருடைய சொந்தத் தெருவில் நின்று அறிந்துகொள்வதற்கு அவை ஈடாகா என்பது என் எண்ணம்.

மதிய உணவுத் திட்டத்தைப் பற்றிப் பேரனுக்கு அங்கே விளக்க முற்பட்டபோது, 1956 என்று ஆரம்பித்தால் கதையைப் பாதியிலிருந்து சொல்வதாகிவிடுமே என்று தோன்றியது. அதை மாநிலம் முழுதும் கொண்டு சென்ற பெருமை காமராஜருடையதே, அதில் ஐயமில்லை. ஆனால் 1920-லேயே, பிட்டி தியாகராயரைத் தலைவராகக் கொண்டிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் உணவு வழங்கத் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்டதில், 1922-23-இல் 811 ஆக இருந்த அந்த ஐந்து பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு குறுக்கே நின்றதால், 1925-இல் திட்டம் நின்றுபோயிற்று. தியாகராயர் காலமானதும் அதே ஆண்டில்தான்.

1920 தேர்தலுக்குப் பின் தம்மைத் தேடி வந்த முதன்மை அமைச்சர் பதவியை வேண்டாம் என்று சொன்ன இந்தப் பெரியவர் எங்கள் வடசென்னைக்காரர். நகரின் தென்பகுதியில், துணி வாங்கவும் நகை வாங்கவும் ஊரே திரளும் ஒரு பகுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி உண்டு. 2021-இல் மெட்ரோ ரயில் நிலையமும் வந்துவிட்டது. அங்கே ஏறி இறங்கும் மாணவர்களிடம் அவர் யார் என்று கேட்டுப் பார்த்தால், கல்லூரியைக் கட்டியவர் என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். கல்லூரி தொடங்கப்பட்டது 1950-இல், அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து!

தனிக் கட்டடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை; வடசென்னையில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது இங்கு வசிப்பவர்களுக்குத் தெரியும். அந்த மெட்ரோ நிலையத்தின் நடைக்கூடத்திலேயே ஒரு சுவரை ஒதுக்கி, 1920-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் நகல், அக்கால மாநகராட்சிப் பள்ளிகளின் படங்கள், 1956, 1982, 2022 ஆகிய ஆண்டுகளில் பள்ளி உணவு கண்ட வளர்ச்சி ஆகியவற்றை, பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கும் உயரத்தில், எளிய தமிழில் காட்சிக்கு வைத்தால் போதும். சென்னை மாநகராட்சியும் மெட்ரோ ரயில் நிறுவனமும் கலந்து பேசி இதற்கு ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.