தண்ணீர் நிற்கிற நேரம்

மண்டபம்,
ஆடி மாதம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் மதுரை வீட்டுக்குப் போய், அங்கிருந்து தம்பி கையில் இங்கே வந்து சேர்ந்தது. பத்து நாள் விடுப்பில் அம்மாவோடும் அப்பாவோடும் இருக்கிறேன். தென்கடல் பக்கம் தென்மேற்குக் காற்றான கச்சான் விடாமல் அடிக்கிறது. மணலை அள்ளி முகத்தில் எறிகிறது. வடகடல் குளம்போலக் கிடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தவன்தான் நான், ஆனாலும் நேற்றுச் சாயங்காலம் இரண்டு கரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஊர்ச் சேதி முதலில். அப்பா தன் வத்தைப் படகை விற்றுவிட்டார். எண்பத்தோரு வயதில் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. விற்ற அன்று சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார். இப்போது காலையும் மாலையும் பாம்பனுக்கு ஆட்டோவில் போய்ப் பாலத்தடியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறார். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது உனக்குத் தெரியும். நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மட்டமாக மேலே ஏறிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. அப்பாவுக்கு அது மனதில் ஒட்டவில்லை. 1914-ஆம் ஆண்டுப் பாலம் இரண்டு கைகளையும் தூக்குவதுபோலப் பிளந்து நிற்குமே, அதுதான் அவருக்குப் பாலம். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாமல் ரயில் மண்டபத்திலேயே நின்றுவிடும் என்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! ராமேசுவரம் போகிறவர்கள் முணுமுணுப்பார்கள். நமக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக வழியில்லை என்ற சந்தோஷம்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ எழுதிய அந்த 'ஊசி' விஷயத்தை மூன்று தடவை படித்தேன். ஜெட் எஞ்சினில் காற்றை அமுக்கும் பாகமான கம்ப்ரசர், காற்றை மேட்டுக்கு ஏற்றுகிற வேலையைச் செய்கிறது என்று எழுதியிருந்தாய். தாழ்ந்த அழுத்தத்திலிருந்து உயர்ந்த அழுத்தத்துக்குக் காற்று தானாகப் போகாது. வரிசை வரிசையாகப் பிளேடுகள் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். முன்னால் வழி அடைபட்டு ஓட்டம் குறைந்தால், காற்று பிளேடைத் தொடும் கோணம் செங்குத்தாகி, ஒரு கட்டத்தில் அதன் முதுகைவிட்டுப் பிரிந்துவிடுகிறது. அதுதான் ஸ்டால். அது வருவதற்கு இரண்டு வழி உண்டு, வட்டம் முழுவதும் நீண்ட அலையாக மெல்லப் புரண்டு வருவது ஒன்று, இரண்டு மூன்று பிளேடு அகலத்தில் ஊசிபோலத் திடீரென முளைப்பது மற்றொன்று என்று நீ விளக்கிய விதம் என்னைப் போன்ற மருத்துவனுக்கும் புரிந்தது. நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 6 மில்லி விநாடி. முளைத்த ஊசி சில சுற்றுகளுக்குள் முழு ஸ்டாலாக விரிந்துவிடுகிறது. அதற்குள் அதைக் கண்டுபிடிக்க உறையின் உட்சுவரில் அழுத்த உணரிகளை வரிசையாகப் பதித்துவைத்துக் காத்திருக்கிறீர்கள்.

அதைப் படித்துவிட்டு இரவு முழுவதும் தூங்கவில்லை. காரணம் இருக்கிறது. பதினான்கு வருடமாக உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்று.

ரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் இந்தத் துறைக்குள் நான் நுழைந்த புதிது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நம் கடற்கரை ஆள் ஒருவர், உப்பளத்தில் வேலை பார்த்தவர், கல்லீரல் கட்டியோடு வந்தார். அறுவை சிகிச்சைக்கு இடமில்லாத கட்டி. நல்ல கல்லீரல் தன் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வாங்குகிறது. இப்படிப்பட்ட கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்து வளர்கிறது. எங்கள் சிகிச்சை இந்த வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கிறது. தொடையில் ஒரு துளை, அதன் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாய், அதற்குள் இன்னும் மெல்லிய ஒரு கதீட்டர். அதன் நுனி கட்டிக்குப் போகும் தமனிக் கிளையில் நிற்கும். 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரையுள்ள துகள்களை மருந்தோடு செலுத்துகிறோம். ரத்தமே அவற்றைச் சுமந்துபோய்க் கட்டிக்குள் இறக்குகிறது. நாங்கள் தள்ளுவதில்லை, மாப்பிள்ளை. ஓட்டத்தில் விடுகிறோம். ஓட்டம் இருக்கும்வரைதான் துகள் நாம் நினைத்த இடத்துக்குப் போகும்.

துகள் நிரம்ப நிரம்ப முன்னால் வழி அடைகிறது. ஓட்டம் மெல்ல மெல்லத் தளர்கிறது. எக்ஸ்ரே திரையில் சாய மருந்தின் நிழல் முதலில் ஒரே துடிப்பில் கழுவிக்கொண்டு போகும். பிறகு இரண்டு துடிப்பு, மூன்று துடிப்பு. கருப்பை நார்க்கட்டிகளுக்குச் செய்யும்போது ஐந்து துடிப்பு வரை நிழல் தங்கினால் போதும், நிறுத்திவிடு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். அன்றைக்கு நிழல் நின்றது. நான் பார்த்தேன். பார்த்தும் இன்னும் அரை மில்லி போகும் என்று நினைத்துச் செலுத்தினேன். முன்னே போக இடமில்லாத துகள்கள் கதீட்டரின் பக்கவாட்டிலேயே பின்னோக்கி வழிந்து, வயிற்றுக்குப் போகும் கிளைக்குள் இறங்கிவிட்டன. அவருக்கு இரைப்பையில் புண். எட்டு வாரம் அவதிப்பட்டார். "கஞ்சிகூட இறங்கவில்லை ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். புண் ஆறிவிட்டது. அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

உனக்குக் கிடைப்பது மில்லி விநாடிகள். எனக்கு அன்று முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. உன் கடிதம் என்னைத் தூங்கவிடாததற்கு இதுதான் காரணம்.

சர்ஜ் பற்றி நீ எழுதியதும் அதே இடத்தைத் தொட்டது. காற்று வெளியேறும் வழி அடைபட்டு, கம்ப்ரசரால் இனித் தாங்க முடியாது என்ற நிலையில், பின்னால் சேர்ந்திருக்கிற அழுத்தக் காற்று திரும்பி முன்வாய் வழியாகப் பாய்வது. எங்கள் துகள் மீள்வழிவும் இதுவும் ஒன்று என்று முதலில் துள்ளிவிட்டேன். விடியும்போது அது சரியல்ல என்று தோன்றியது. உன் கம்ப்ரசர் தானே ஆற்றலைச் சேர்க்கும் இயந்திரம்; அதன் ஓட்டம் நிலைகுலைந்து அடித்துப் புரள்கிறது. என் தமனிக்கிளையில் பம்ப் கிடையாது, பம்ப் தொலைவில் நெஞ்சில் இருக்கிறது. அங்கே நடப்பது, முன்வழி அடைந்ததால் திரவம் எளிதான வழியைத் தேடிக்கொள்வது மட்டுமே. இரண்டும் ஒன்றென்று யாராவது மேடையில் பேசினால் நானே எழுந்து மறுப்பேன்.

ஆனால் ஒரு இடத்தில் உறவு இருக்கிறது, அதை விட மனம் வரவில்லை. 1976-இல் உங்கள் துறை ஆய்வாளர் கிரெய்ட்சர் காட்டியதாக நீ எழுதினாயே, கம்ப்ரசருக்குப் பின்னால் காற்றைத் தேக்கிவைக்கும் இடம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துத்தான் அது முழு சர்ஜாகப் போகுமா, சுழலும் ஸ்டாலாகவே தங்குமா என்பது தீர்மானமாகிறது என்று. எங்களிடமும் தேக்கம் உண்டு. பெருந்தமனி துடிப்புக்குத் துடிப்பு விரிந்து ரத்தத்தைப் பிடித்துவைத்து, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் விடுகிறது. 1899-இல் ஜெர்மன் உடலியல் அறிஞர் ஓட்டோ ஃபிராங்க் இதற்குக் கணக்கு எழுதியபோது, பழைய தீயணைப்புப் பம்பின் காற்றறையை உவமையாக வைத்து 'விண்ட்கெசல்' என்ற சொல்லையே கையாண்டார். ஆகவே கிளைநுனியில் வழி அடையும்போது அழுத்தத்தின் சராசரி மட்டும் அல்ல, ஒவ்வொரு துடிப்பின் அலைவடிவமும் மாறவேண்டும். நிழல் நிற்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே அந்த அலை மாறத் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். ஊகம்தான். இதைச் சோதித்துப் பார்க்காமல் நான் ஓய்வு பெறமாட்டேன்.

உன் துறைக்கு 1926-இல் கிரிஃபித் வந்து, பிளேடை விமான இறக்கையாக நினைத்து வடிவமையுங்கள் என்று வழிகாட்டினார், உங்களுக்கு அப்படி ஒருவர் உண்டா என்று கேட்டிருந்தாய். இருவர் உண்டு. சுவீடனின் செல்டிங்கர் 1953-இல் ஊசி, அதன் வழியே கம்பி, கம்பியின் மேல் குழாய் என்ற வரிசையைக் கொடுத்தார். இன்றும் நான் தினமும் செய்வது அதே மூன்று அசைவுதான். அடுத்தவர் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரி 16 அன்று, காலைத் துண்டித்துவிட வேண்டும் என்று சொல்லப்பட்டும் சம்மதிக்காத 82 வயது மூதாட்டி ஒருவரின் தொடைத் தமனி அடைப்பைக் கதீட்டர் கொண்டே விரித்தார். அந்த அம்மாள் தன் இரண்டு காலிலும் நடந்தே வாழ்ந்து முடித்தார். அப்பாவிடம் இதைச் சொன்னேன். 1964 என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கு அந்த வருடம் டிசம்பர் மட்டும்தான். தனுஷ்கோடியையும் ரயிலையும் கடல் கொண்டுபோன இரவு.

நேற்று அப்பாவோடு நானும் பாம்பனுக்குப் போனேன். கச்சான் காலத்தில் நீவாடு, அதாவது கால்வாய்த் தண்ணீரின் ஓட்டம், மன்னார் வளைகுடாவிலிருந்து வடக்கே பாக் விரிகுடாவுக்குப் பாய்கிறது. ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் அப்படியே தெற்கே திரும்பும். உனக்குத் தெரிந்ததுதான். அப்பாவிடம் கேட்டேன்: "நீவாடு திரும்பப்போவது உங்களுக்கு எப்படித் தெரியும்?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓடுகிற தண்ணீருக்கு ஒரு சுருக்கம் இருக்கும். அந்தச் சுருக்கம் முதலில் தூணடியில் கலையும். நடுவில் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நின்ற பிறகு பார்க்கிறவன் பாறையில் ஏறிவிடுவான்" என்றார். நான் வாயடைத்து நின்றேன். நீ உறைச் சுவரோரம் உணரி பதிக்கிறாய். அவர் தூணடியைப் பார்க்கிறார். நான் மட்டும் நடுநிழலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

அதனால் உன்னிடம் ஒரு வேண்டுகோள். மறுக்காதே. மேசைமேல் ஒரு மாதிரி கட்டுவோம். சிலிக்கோன் குழாயில் கிளைகள், ரத்தத்துக்குப் பதில் கிளிசரினும் தண்ணீரும் கலந்த கலவை, இதயத்துக்குப் பதில் துடிப்போடு தள்ளும் பம்ப், பெருந்தமனிக்குப் பதில் ஒரு காற்றறை. என் நுண்கதீட்டர் 'பிரெஞ்சு' என்ற குழாய் அளவில் 2.7, அதாவது வெளிவிட்டம் 0.9 மில்லிமீட்டர். அது ஒன்றரை மீட்டர் நீளம் என்பதால், வெளியில் உட்கார்ந்து அதன் வழியாக அழுத்தத்தை அளந்தால் அலையின் கூர்மையெல்லாம் வழியிலேயே மழுங்கிவிடும். இதயத் தமனிக்குள் அழுத்தம் அளக்க நுனியில் உணரி உள்ள கம்பி இருக்கிறது, ஏறக்குறைய 0.36 மில்லிமீட்டர் தடிமன். ஆனால் அதை நுண்கதீட்டருக்குள் விட்டால் துகள் போக வழி நெருக்கடியாகும். கதீட்டருக்குப் பக்கத்தில் தனியாக விட்டால் அதுவே ஓட்டத்தைக் கெடுக்கும். இங்கேதான் நான் முட்டி நிற்கிறேன். நுனியில் பலூன் வைத்த கதீட்டர், குடைபோல விரிந்து மீள்வழிவைத் தடுக்கும் கதீட்டர் எல்லாம் வந்துவிட்டன. அவை நல்லவை. ஆனால் எல்லா நோயாளிக்கும் அந்தச் செலவு எட்டாது, என்னிடம் வருகிறவர்களுக்கு நிச்சயமாக எட்டாது. அவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஓர் எச்சரிக்கை மணி வேண்டும்.

உணரியை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, இரைச்சலிலிருந்து குறியைப் பிரிப்பது எப்படி என்பதெல்லாம் உன் வேலை. முப்பது வருடமாக அதைத்தானே செய்கிறாய். எந்தத் துடிப்பில் நான் கையை எடுத்திருப்பேன் என்று ஒவ்வொரு ஓட்டத்திலும் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறேன். பிறகு உன் வரைபடத்தோடு ஒப்பிடுவோம். என் கண் தோற்றால் எனக்கு வருத்தமில்லை.

பெங்களூரிலிருந்து புரட்டாசியில் வா. பூஜை விடுமுறையோடு சேர்த்து ஒரு வாரம் எடு. கொல்லைப்புறத்தில் அப்பா வலை வைத்திருந்த அறை இப்போது காலியாக இருக்கிறது. மேசையை அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். பம்பும் குழாயும் நான் மதுரையிலேயே வாங்கிவிடுகிறேன். உணரியை மட்டும் நீ கொண்டு வா. அம்மா உனக்காக நெத்திலிக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறார்.

உன் மச்சான்