கீமோ நாட்களில் ரத்தப் பரிசோதனையும் சாப்பாடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து எடுப்பவரின் ரத்த ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளில் முதலில் பார்ப்பது ஹீமோகுளோபினைத்தான். 9 என்றிருந்தால் அன்றிலிருந்தே பீட்ரூட், மாதுளை, கூடவே கடையில் வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை. ஆனால் கீமோ தள்ளிப்போவது பெரும்பாலும் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுவோ, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டோ குறைவதால்தான்.

மொத்த வெள்ளணு 3,000, அதில் நியூட்ரோபில் 40 சதவீதம் என்றால் நியூட்ரோபில் எண்ணிக்கை 1,200. பல மருந்துகளுக்கு இது 1,500-ம் பிளேட்லெட் 1 லட்சமும் இருந்தால்தான் அடுத்த கீமோ. மருந்தைப் பொறுத்து மருத்துவர் சற்றுக் குறைவாகவும் ஏற்பார். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் இந்த எண்ணிக்கை அடிமட்டத்துக்கு இறங்கும். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை மருந்து தாக்குவதால் வருகிற இறக்கம் இது. எந்தப் பழமும் இதை ஏற்றாது. பிளேட்லெட் கூடும் என்று பப்பாளி இலையைப் பச்சையாக அரைத்துக் கொடுப்பது இந்த நேரத்தில் ஆபத்து. இலையில் ஒட்டியிருக்கும் கிருமியை எதிர்க்க உடம்பில் வெள்ளணு இல்லை.

அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்கவே கூடாது. சிகிச்சை திருவனந்தபுரத்தில் நடக்கிறது என்பதற்காக அங்கேதான் ஓட வேண்டும் என்றில்லை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, பக்கத்தில் இரவிலும் இயங்கும் வேறு மருத்துவமனையோ போதும். "கீமோ போட்டு இத்தனை நாள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

இரும்பு மாத்திரைக்கு முன், உடம்பில் இரும்பு குறைவா என்று காட்டும் ஃபெர்ரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்க வேண்டும். குறைபாடு இல்லாதவருக்கு அது மலச்சிக்கலையும் குமட்டலையும்தான் தரும். கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை எடுப்பவர் ஃபோலிக் அமில மாத்திரையைக் கேட்காமல் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கும் வாய்ப்புண்ணும் கடுமையாகும்.

சாப்பாட்டால் காப்பாற்ற முடிந்தது எடையையும் தசையையும். இதில்தான் எங்களுக்கு மிகுந்த வருத்தம்: பத்தியம் என்று மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, கஞ்சியும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மட்டும் கொடுக்கிறார்கள். 50 கிலோ எடை உள்ளவருக்கு நாளுக்கு சுமார் 60 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் சாளை (மத்தி) மீனில் 20, இரண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி சிறுபயறில் 7, ஒரு டம்ளர் பாலில் 6; மீதி சோற்றிலிருந்து வந்துவிடும். மரச்சீனி 100 கிராமில் 1 கிராம்தான். மீனும் முட்டையும் முழுக்க வேக வேண்டும், ஆஃபாயில் கூடாது. வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போடுகிறவர்களுக்குச் சிறுநீரில் மெக்னீசியம் கழிந்துபோகும். வழக்கமான பரிசோதனைப் பட்டியலில் பல நேரம் அது இருப்பதில்லை. கெண்டைக்கால் பிடிப்பும் விரல் மதமதப்பும் இருந்தால் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். மெக்னீசியம் சரியாகாமல் பொட்டாசியமும் ஏறாது. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருப்பவர் இளநீரை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

இன்னொன்று. விடியற்காலையில் நாகர்கோவிலில் ரயில் ஏறி மதியம்வரை பட்டினியாக இருப்பவர்கள் பலர். ரத்த அணு எண்ணிக்கைக்கும் கிரியாட்டினினுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சீட்டில் ஃபாஸ்டிங் சுகர் போல வெறும் வயிற்றுப் பரிசோதனை எழுதியிருந்தால் மட்டும் காத்திருங்கள்; ரத்தம் கொடுத்த கையோடு சாப்பிட அவித்த ஏத்தன்பழமும் (நேந்திரம்பழம்) முட்டையும் பையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உணவியல் பணியாளர்கள்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.